தயிர்ப் பாத்திரத்துக்கு ஒரு வெந்நீர்க் குளியல்!

உங்கள் வீட்டுத் தயிர் சில நாள் கத்தி வைத்து வெட்டலாம் போலக் கெட்டியாக உறைந்திருக்கும். வேறு சில நாள், கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுபடும். வாயில் வைத்தால் லேசான கசப்பு வேறு. அதே பால், அதே உறைமோர், அதே கை. "பால்லதான் ஏதோ கோளாறு" என்று பால்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பாவம் பால்காரர்! பல சமயம் தப்பு நடந்தது பாத்திரத்தில்.

"என்னது, என் பாத்திரமா? சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேனே!" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பளபளப்பது கண்ணுக்குத் தெரியும். கிருமி தெரியாது. எவர்சில்வர் டப்பாவின் மடிப்பு விளிம்பு, மூடியின் உள்வளையம், கரண்டியில் காம்பு சேருமிடம், பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்க்ரப்பர் போட்ட கீறல்... இங்கெல்லாம் போன வாரத்துத் தயிர் ஒரு மெல்லிய பசையாக உட்கார்ந்திருக்கும். கழுவிய பிறகும் விரலுக்கு 'வழவழ' என்று தட்டுப்படுகிறதே, அதுதான். அந்தப் பசைக்குள் குடியிருக்கும் கிருமிகளை வெறும் சோப்பு நீர் சுலபத்தில் அசைக்காது. தேய்ப்பும் வேண்டும், அதற்குப் பிறகு சூடும் வேண்டும்.

காய்ச்சிய பிறகுதான் கண்டம்!

பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறீர்கள். அதிலிருந்த கிருமிகளில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால், இப்போது அந்தப் பால் உழுது போட்ட காலி வயல் மாதிரி. எந்த விதை முதலில் விழுகிறதோ, அது போட்டியில்லாமல் முளைக்கும். நீங்கள் ஊற்றும் உறைமோர் ஜெயிக்க வேண்டும் என்றால், வேறு யாரும் அதற்கு முன்னால் உள்ளே நுழைந்திருக்கக் கூடாது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காய்ச்சிய பாலை, காலையில் கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரத்தில் ஊற்றுகிறோம். கல் மேடையில் கிடந்த கரண்டியால் கலக்குகிறோம். சூடு பதமாக இருக்கிறதா என்று பார்க்க... ஆமாம், விரலை விடுகிறோம்! நம் பாட்டி விட்டார், அம்மா விட்டார், நாமும் விடுகிறோம். அந்த விரலில், முக்கியமாக நகக்கண்ணிலோ சின்ன வெட்டுக் காயத்திலோ, 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்ற கிருமி இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடுகிற ஆசாமி அது. விரலுக்குப் பதில், வேகவைத்த ஸ்பூனால் ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். இதமான சூடு தெரிந்தால் போதும். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் என்பது தயிர்க் கிருமிகளுக்குப் பிடித்தமான வெப்பம்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. (நம்ம ஊரில் அதற்குச் சட்டம் இடம் தராது. அதனால் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிவிடாதீர்கள்!) அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன தெரியுமா? முளைகட்டிய பார்லியின் சாற்றை ஒரு மணி நேரம் வரை கொதிக்க வைப்பார்கள். அதுவரை பாத்திரம் சாதாரணச் சுத்தமாக இருந்தால் போதும். அடுப்பை அணைத்து ஆறவைத்த நிமிடத்திலிருந்து, அந்தச் சாற்றைத் தொடுகிற குழாய், கரண்டி, ஜாடி, மூடி எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். நம் தயிருக்கும் அதே விதிதான். அவர்கள் ஈஸ்ட் போடுகிறார்கள், நாம் உறைமோர் ஊற்றுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

புளித்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்

இந்த ரகசியத்தை உலகுக்குச் சொன்னவர் லூயி பாஸ்டர். 1856-ல் அவர் பிரான்ஸ் நாட்டில் லீல் நகரத்தில் பேராசிரியராக இருந்தார். அவரிடம் படித்த மாணவர் ஒருவரின் அப்பா, பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் தயாரிக்கும் ஆலை வைத்திருந்தார். சில தொட்டிகளில் சரக்கு ஒழுங்காகப் புளிக்காமல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்து ஒரு சொட்டு, கெட்ட தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நல்லதில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்டதில் அதைவிடச் சின்னதாக, குச்சி குச்சியாக வேறு ஏதோ நெளிந்தது!

அடுத்த ஆண்டே, பால் புளிப்பதும் உயிருள்ள நுண்கிருமிகளின் வேலைதான் என்று எழுதினார். 1860-களில், திராட்சை ஒயினைக் கொதிக்க விடாமல் 50, 60 டிகிரிக்குச் சூடுபடுத்தினாலே கெடாமல் இருக்கும் என்று காட்டினார். இன்று பால் பாக்கெட்டில் 'பாஸ்சரைஸ்டு' என்று போட்டிருக்கிறதே, அது அவர் பெயர்தான். 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. நோய் தரும் கிருமிகளைப் பாலில் ஒடுக்க அது போதுமானது.

டென்மார்க்கில் எமில் ஹான்சன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவர், பீர் கெடுவதற்கு வேண்டாத ஈஸ்ட் கலப்பதும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்தார். ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து கலப்படமில்லாத வித்தை வளர்த்தெடுத்தார். 1883-ல் அது ஆலையிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. வித்து சுத்தமாக இருந்து, பாத்திரமும் சுத்தமாக இருந்தால் சரக்கு கெடாது. நம் பாட்டிமார் பக்கத்து வீட்டில் 'நல்ல உறைமோர்' தேடிப் போனதும் இதே காரணத்துக்காகத்தான்.

முதலில் கழுவு, பிறகு வேகவை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். அழுக்கோடு இருக்கும் பாத்திரத்தில் கொதிநீரை ஊற்றினால், பாலின் புரதம் வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனடியில் கிருமி சொகுசாக இருக்கும். ஆகவே பால், தயிர்ப் பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். நாள்பட்ட வெள்ளைப் படிவு இருந்தால் எலுமிச்சைத் தோலோ புளியோ போட்டுத் தேய்த்தால் விட்டுவிடும்.

இனி சூடு. எளிய வழி, அகலமான பாத்திரத்தில் முழுக வைத்துக் கொதிக்க விடுவது. கண்ணாடி, பீங்கான் என்றால் பச்சைத் தண்ணீரில் வைத்து, அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் திடீரென்று போட்டால் 'படக்'! தளதளவென்று கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம் கணக்கு. உள்ளே காற்றுக்குமிழி தங்காமல் நீர் நிறைந்திருக்க வேண்டும். காற்று தங்கிய இடத்துக்குத் தண்ணீரின் சூடு சரியாகப் போய்ச் சேராது.

ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் கவனிக்கவும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னைக்காரருக்கு 10 நிமிடம் என்றால், உங்களுக்கு 17.

இதைவிட வசதியான கருவி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இட்லிக் கொப்பரை! அடியில் தண்ணீர் விட்டு, ஓட்டைத் தட்டின் மேல் பாட்டில், கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து மூடுங்கள். இதிலும் கண்ணாடியைத் தண்ணீர் சூடாவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு 15 நிமிடம். ஆவி ஒரு பொருளின்மேல் பட்டுக் குளிரும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை மொத்தமாக அதனிடம் கொட்டிவிடும். அதனால்தான் அடுப்பின் சூட்டில் கையைக் காட்டினால் தாங்கிக்கொள்கிறோம், இட்லி மூடியைத் திறக்கும்போது வருகிற ஆவியில் 'ஐயோ' என்கிறோம். கிருமிக்கும் அதே கதி. ஈரமில்லாத வெறும் சூட்டில் கிருமி அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஆய்வுக்கூடங்களில் 121 டிகிரி ஆவியில் 15 நிமிடத்தில் முடிகிற வேலைக்கு, காய்ந்த அடுப்பில் 160 டிகிரியில் 2 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். "வெயில்ல வச்சாச்சு, எல்லாம் செத்துருக்கும்" என்று நம்பிவிடாதீர்கள். வெயில் ஈரத்தை விரட்டும். அது பெரிய உதவிதான். ஆனால் கொதிநீர் செய்யும் வேலையை அது செய்யாது.

பிரஷர் குக்கர் ஆவியைவிட ஒரு படி மேல். வெயிட் போட்டு முழு அழுத்தம் வந்தால் உள்ளே சுமார் 120 டிகிரி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளை வேகவைக்கும் ஆட்டோகிளேவும் அதன் அண்ணன்தான். பாஸ்டரின் உதவியாளர் சேம்பர்லேண்ட் 1879-ல் உருவாக்கியது அது. எவர்சில்வர் டப்பா, கரண்டிகளைத் திறந்த நிலையில் வைத்து 15 நிமிடம் விட்டால் போதும். மூடி போட்டு இறுக்கிய பாட்டிலைக் குக்கருக்குள் வைக்கவே கூடாது. அழுத்தம் தானாக இறங்குமுன் திறக்கவும் கூடாது.

வெளியே எடுத்தாயிற்று. அடுத்து என்ன செய்வீர்கள்? தோளில் கிடக்கும் துண்டால் துடைப்பீர்கள்! 15 நிமிட உழைப்பு அரை நிமிடத்தில் போயிற்று. அடுப்படிக் கைப்பிடித் துணியைப் போல அழுக்கான பொருள் வீட்டில் வேறு இல்லை. துடைக்கவே வேண்டாம். சூடாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, துவைத்து உலர்த்திய துணிமேல் கவிழ்த்துங்கள். தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். கண்ணாடி என்றால் ஈரமான கிரானைட் மேடையில் நேராக வைக்காதீர்கள், விரிசல் விடும்.

எதற்குச் சூடு ஆகாது?

தண்ணீர், கூல்டிரிங்க்ஸ் வருகிற மெல்லிய பாட்டிலைத் திருப்பி அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். 70 டிகிரியை நெருங்கினாலே அது சுருங்கிக் கோணிப்போகும். அதில் ஊறுகாய் போட்டு வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் அதைச் சூட்டால் சுத்தம் செய்ய வழியே இல்லை. 5 என்று போட்ட டப்பா கொதிநீரைத் தாங்கும். கீறல் விழுந்துவிட்டால் அதையும் உப்பு, பருப்புக்கு மாற்றிவிடுங்கள். மூடிக்குள் அட்டை ஒட்டியிருந்தால் அந்த மூடியே வேண்டாம். கிரைண்டர் கல்லை வேகவைக்க முடியாது. அரைத்து முடித்த கையோடு கழுவி, ஈரம் போகக் காயவைப்பதுதான் அதற்கு வைத்தியம். மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தை என்றைக்காவது கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்துவிட்டு அப்புறம் மேலே படியுங்கள்.

பீங்கான் ஜாடி பெரிதாக இருந்தால் கொப்பரைக்குள் போகாது. முதலில் வெதுவெதுப்பான நீர், அடுத்து நல்ல சூடான நீர், கடைசியில் கொதிநீர் என்று மூன்று தடவையாக நிரப்பி, கடைசி நீரை மூடி போட்டு 10 நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். இது வேகவைப்பதற்கு ஈடாகாது. ஆனாலும் உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும் ஊறுகாய்க்கு இது போதும். ஜாடியைக் கவிழ்த்து முழுக்கக் காயவைத்த பிறகே காயைப் போடுங்கள், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சக் காளானுக்குக் கொண்டாட்டம். வாய்க்கு வேடு கட்டுகிற துணியையும் கொதிக்கவைத்துக் காயப்போட மறக்காதீர்கள்.

இட்லி மாவு மட்டும் கொஞ்சம் வேறு கதை. நாம் அதற்கு உறை எதுவும் ஊற்றுவதில்லை. மாவைப் பொங்க வைக்கும் கிருமிகள் உளுந்தோடேயே வந்துவிடுகின்றன. அதனால் பாத்திரம் ஆஸ்பத்திரிச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு முறை கொதிநீர் காட்டினால் தாராளம். மாவில் இளஞ்சிவப்பு, ஆரஞ்சுத் திட்டு தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிட்டு, பாத்திரத்தை வேகவையுங்கள். பதநீர் இறக்குபவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது எதற்கு? பனஞ்சாறு கலயத்தில் விழுந்ததும், அங்கே காத்திருக்கும் ஈஸ்ட் அதைக் கள்ளாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான். பாத்திரத்தில் ஒட்டியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்கு மைக்ராஸ்கோப் இல்லாமலே தெரிந்திருக்கிறது.

சூட்டுக்கும் அடங்காதவை

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.

சில கிருமிகளுக்குக் கஷ்ட காலம் வந்தால், தங்களைச் சுற்றி ஒரு கெட்டி ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி தூங்கிவிடும். 'ஸ்போர்' என்பார்கள். 100 டிகிரியில் கொதிக்கவைத்தாலும் பல ஸ்போர்கள் சாகா. ஆறியதும் விழித்துக்கொள்ளும். தயிரிலும் எலுமிச்சை, மாங்காய் ஊறுகாயிலும் புளிப்பு அவற்றை வளரவிடாது. பிரச்னை புளிப்பில்லாத பண்டத்தில்தான். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, அலமாரியில் மாதக்கணக்கில் வைப்பது அதில் மோசமானது. பூண்டில் மண்ணோடு வரும் 'பொட்டுலினம்' ஸ்போர்களுக்குக் காற்றில்லாத எண்ணெய் சொர்க்கம். அந்த விஷம் நரம்பைத் தாக்கும். இமை சரியும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடவும் முடியாது. 1985-ல் கனடாவின் வான்கூவர் நகரத்தில், எண்ணெயில் போட்ட பூண்டால் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு மேல் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். இது நடந்தால் வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாட்டிலை எத்தனை தடவை வேகவைத்தாலும் இதைத் தடுக்காது. பூண்டு ஊறுகாய்க்குப் புளி, எலுமிச்சை, வினிகர் என்று புளிப்பைத் தாராளமாகச் சேருங்கள். ஃப்ரிட்ஜில் வையுங்கள். கொஞ்சமாகப் போட்டுச் சீக்கிரம் தீருங்கள். மூடி உப்பியிருந்தால் ருசி பார்க்கக்கூட வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையும் வீடுகளில் உண்டு. "லேசாத்தான் கெட்டுருக்கு, ஒரு கொதி விட்டாச் சரியாயிடும்." ஆகாது! விரலிலிருந்து வந்த ஸ்டாஃபிலோகாக்கஸைக் கொதி கொன்றுவிடும். அது ஏற்கெனவே கக்கி வைத்த விஷம் அரை மணி நேரம் கொதித்தாலும் தாக்குப்பிடிக்கும். வெளியே நாளெல்லாம் கிடந்த சாதத்தில் 'பேசிலஸ் சீரியஸ்' உண்டாக்கும் வாந்தி விஷமும் இதே ரகம். ஊறுகாய் மேல் பூஞ்சை படர்ந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுவதும் தப்பு. பூஞ்சை புளிப்பைத் தின்று தீர்ப்பதால், அடங்கிக் கிடந்த மற்ற கிருமிகளுக்கு வழி திறந்துவிடும்.

நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு இதெல்லாம் பெரும்பாலும் ஒரு நாள் வயிற்று உபாதையோடு போய்விடும். கைக்குழந்தை, கர்ப்பிணி, எழுபதைத் தாண்டிய தாத்தா, சர்க்கரை நோயாளி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு அப்படியில்லை. அவர்கள் இருக்கும் வீட்டில் தயிர்ப் பாத்திரத்தைத் தினமும் கொப்பரைக்குள் வையுங்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை ஒவ்வொரு முறையும் வேகவையுங்கள். பால் பாட்டிலைவிடப் பாலாடை எவ்வளவோ மேல். மூலை முடுக்கு இல்லை, ரப்பர் இல்லை, ஐந்தே நிமிடத்தில் தேய்த்துவிடலாம். மற்ற வீடுகளில் தயிர்ப் பாத்திரத்துக்கு வாரம் இரண்டு முறை போதும்.

ஒரு எச்சரிக்கை. கொதிநீர் கிருமியை மட்டும் பார்த்துச் சுடுவதில்லை. குழந்தைகள் ஓடியாடும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பாத்திரத்தை மேடையின் உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து சிங்க் வரை தூக்கிக்கொண்டு நடக்காமல், ஆறிய பிறகு கொட்டுங்கள். தப்பித் தவறிக் கையில் பட்டுவிட்டால், மோதிரம், வளையலை உடனே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, மாவு எதையும் அப்ப வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உள்ளங்கையைவிடப் பெரிய இடம் வெந்திருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ, சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி நேராக டாக்டரிடம் கொண்டுபோய்விடுங்கள்.